எலி ஈரலில் மடித்து வைத்த ரிப்பன்

கேள்வி: ஐயா, எனக்குப் பாகூர் பக்கம். சம்பா அறுப்பு முடிந்ததும் வழக்கமாக வருகிற இருளர் குடும்பம் வந்து வரப்பை வெட்டி, வளைக்குள் இருந்த நெல்லையும் எலியையும் எடுத்தார்கள். இந்தத் தடவை நானும் பையனும் கூட நின்று பார்த்தோம். பதினெட்டு எலியை அறுத்ததில் ஐந்தின் ஈரலில் பட்டாணி அளவுக்கு வெள்ளைக் கட்டி. ஒன்றை என் பையன் (ஏழு வயது) குச்சியால் குத்திக் கையாலும் பிதுக்க, உள்ளேயிருந்து மடித்து வைத்த ரிப்பன் மாதிரி ஒரு புழு நீளமாக வந்தது. இன்னொரு எலிக்குக் கட்டி இல்லை, ஆனால் ஈரல் முழுக்க மஞ்சள் வெள்ளையாகக் கோடு கோடாக இருந்தது (படம் அனுப்பியிருக்கிறேன்). எலி பிடிக்கிற பெரியவர், "எங்க அப்பா காலத்துலேயே இருக்குதுப்பா, ஈரலைத் தூக்கிப் போட்டுட்டா போதும்" என்றார். தூக்கிப் போட்டதை எங்கள் நாய் தின்றுவிட்டது. வயலுக்கு மருந்து அடிக்கிறதால் இது வருகிறதா? பையனுக்கு ஏதாவது வருமா? நாய்க்கு என்ன ஆகும்? இந்தப் புழுவையே பரப்பி எலியை ஒழிக்க முடியாதா? எலிக்காகவே மூன்று பூனை வளர்க்கிறேன், ஆனாலும் அடங்கவில்லை.

பதில்: தம்பி, உங்கள் மனசில் பையன்தான் முதலில் நிற்பான், அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தப் புழுவால் அவனுக்கு ஒன்றும் வராது. கட்டிக்குள் இருந்தது முழுசாக வளராத இளம்புழு. அது தோலைத் துளைத்துக்கொண்டு போகாது, தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள், ஆனால் அது நம் ஊர் மண்ணில் இருக்கிற கொக்கிப்புழு, உருண்டைப்புழுவுக்காக, இந்த எலி விவகாரத்துக்காக இல்லை. எலியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய கடைசி வரி. "எலிக்காகவே மூன்று பூனை வளர்க்கிறேன்." நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு விடையே அங்கேதான் இருக்கிறது. அந்த ரிப்பன் உங்கள் பூனையிடமிருந்து வந்தது, திரும்பவும் உங்கள் பூனைக்குள் போகத்தான் எலியின் ஈரலில் காத்துக்கொண்டிருந்தது. (உங்கள் மூன்று பூனைதானா, தெருப் பூனையா என்று என்னால் சொல்ல முடியாது, பூனை என்பது மட்டும் நிச்சயம்.)

விஷயம் இதுதான். இதன் பெயர் டீனியா டீனியாஃபார்மிஸ், பூனையின் நாடாப்புழு. பெரிய புழுவாகப் பூனையின் சிறுகுடலில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் வால் பக்கத்துத் துண்டுகள் முட்டையால் நிரம்பி, கழன்று, பூனையின் மலத்தோடு வெளியே விழும். பூனை எங்கே கழிக்கிறது? கொஞ்சம் இளக்கமான மண், வைக்கோல்போர் ஓரம், களத்து மணல், வரப்பு. எலி எங்கே மேய்கிறது? அதே இடங்களில். நெல்மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டையை எலி விழுங்குகிறது. எலியின் குடலில் முட்டை உடைந்து, ஆறு கொக்கி கொண்ட ஒரு துளியூண்டு கரு வெளியே வந்து குடல் சுவரைத் துளைத்து ரத்தக் குழாயில் ஏறும். குடலில் இருந்து கிளம்புகிற ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை, முதலில் ஈரலுக்குத்தான் போயாக வேண்டும். பாண்டிச்சேரியில் இருந்து கடலூருக்குப் போகிற வண்டி ஆல்பேட்டை செக்போஸ்டில் நின்றுதான் ஆக வேண்டும் என்பது போல. கரு அங்கேயே இறங்கிவிடுகிறது. எலியின் உடம்பு அதைச் சுற்றி ஒரு நார்ச்சுவர் கட்டுகிறது, புழு அந்தச் சுவருக்குள்ளேயே சுருண்டு வளர்கிறது. நீங்கள் பார்த்த வெள்ளைப் பட்டாணி அந்தச் சுவர்தான். இரண்டு மாதம் போல ஆனதும் அது அடுத்த வீட்டுக்குத் தயார்.

மற்ற நாடாப்புழுக்களின் இளம்பருவம் பெரும்பாலும் வெறும் நீர்ப்பை மாதிரி இருக்கும். பன்றி இறைச்சியில் அரிசி அரிசியாக இருக்கும் என்பார்களே, அது மாதிரி. இது மட்டும் முன்கூட்டியே நாடா மாதிரி கணுக்கணுவாக நீண்டு, கடைசியில் மட்டும் ஒரு குட்டி நீர்ப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால்தான் பையன் பிதுக்கியதும் "ரிப்பன்" வந்தது. நான் படிக்கிற காலத்தில் ஒரு பெருச்சாளியை அறுக்கும்போது இதை முதல் தடவை பார்த்து, எலிக்கு ஈரலில் நாடாப்புழு வந்துவிட்டது என்று ஓடிப்போய் வாத்தியாரிடம் சொல்ல, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது எலியோடது இல்லடா, அந்தத் தெரு பூனையோடது" என்றார். ஒரு பிராணியின் உறுப்பில் புழு இருந்தால் அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று முதலில் கேள் என்பது அன்றைக்குப் படித்தது.

பூனை அந்த எலியைத் தின்றதும் ரிப்பனின் உடல் செரித்துப் போகும், தலை மட்டும் தப்பித்துக் குடல் சுவரில் கவ்விக்கொண்டு புதிதாக வளரும். ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடியும் முட்டைத் துண்டுகள் வயலுக்கு வரும். நீங்கள் எலிக்காகப் பூனை வளர்க்கிறீர்கள், புழு பூனைக்காக எலியை வளர்க்கிறது.

சரி, எலிக்கு இதனால் என்ன கெடுதல்? ஒன்றிரண்டு கட்டி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரல் தாராளமான உறுப்பு, கால் பாகம் போனாலும் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், போனதைத் திரும்ப வளர்த்தும் கொள்ளும். இருபது முப்பது கட்டி ஏறினால் கதை வேறு. ஈரல் வீங்கி வயிறு உப்பும், வேடிக்கை என்னவென்றால் புழு இல்லாத இரைப்பையின் உள்சுவர்கூடத் தடித்துப் போகும். கட்டி வருஷக்கணக்கில் இருந்தால் அந்த நார்ச்சுவரே புற்றாக மாறுவதும் உண்டு. 1920-களில் நியூயார்க்கில் இந்த முட்டைகளை எலிகளுக்குக் கொடுத்து ஈரலில் புற்றுக்கட்டி உண்டாவதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் வயல் எலிக்கு அத்தனை ஆயுசு எங்கே? ஆந்தை, சாரைப்பாம்பு, கீரி, உங்கள் பூனை, அந்தப் பெரியவரின் கடப்பாரை, இத்தனையும் தாண்டிப் புற்று வருகிற வயசுக்கு அது வருவதே அபூர்வம். ஒன்று யோசித்துப் பாருங்கள், கட்டி இருந்த ஐந்தும் பெரிய எலிகளாகத்தான் இருந்திருக்கும். வயசு ஏற ஏற முட்டையை விழுங்கும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான் கணக்கு.

மருந்து அடிப்பதால் வருவதில்லை. யூரியாவாலும் இல்லை. பெரியவர் அவருடைய அப்பா காலத்திலேயே பார்த்திருக்கிறார் என்றால், பூச்சி மருந்து டின் அந்த வரப்புக்கு வருவதற்கு முன்னாலேயே இது இருந்திருக்கிறது. எலியைக் கொல்ல நிறையப் பேர் படித்திருக்கிறார்கள், ஆனால் எலியின் உள்ளே பார்த்தவர்கள் அந்தக் குடும்பங்கள்தான். ஈரலை எறிந்துவிடச் சொன்னதும் சரியான புத்திமதி. எறிந்த இடத்தில்தான் தப்பு.

இப்போது அந்தக் கோடு விழுந்த ஈரல். உங்கள் படத்தில் தெரிகிற அந்த மஞ்சள் வெள்ளைக் கோடுகளைப் பார்த்தால் எனக்குக் கேப்பிலேரியா ஹெபாட்டிகா என்கிற நூல்புழுதான் நினைவுக்கு வருகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் அதன்மேல் கட்டுவேன். எனக்குத் தெரிந்த எலிப்புழுக்களிலேயே ரொம்ப விசித்திரமான ஜன்மம் இது. முடி மாதிரி மெல்லிய புழு, ஈரலின் சதைக்குள்ளேயே ஊர்ந்து, அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் அங்கேயே செத்துப்போகும். முட்டைகள் வெளியே போக வழி கிடையாது. குடலுக்கும் வராது, மலத்திலும் வராது. எலியின் உடம்பு செத்த புழுவையும் முட்டைகளையும் சுற்றி நார் கட்டிக் கட்டி, ஈரல் முழுக்கக் கோடாகிவிடுகிறது. நம் ஊர் ஆட்கள் குடித்துக் குடித்து ஈரல் நாராகிப் போவார்களே, அந்த மாதிரியான நார்தான். எலிக்கு ஈரல் எப்படி நாராகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் இந்தப் புழுவையே ஒரு மாதிரியாக வைத்துப் படிக்கிறார்கள்.

அப்படியானால் முட்டை எப்படி அடுத்த எலிக்குப் போகும்? எலி சாக வேண்டும். செத்து மக்கினால் ஈரல் கரைந்து முட்டைகள் மண்ணில் சேரும். இல்லாவிட்டால் யாராவது அந்த எலியைத் தின்ன வேண்டும், தின்றவர் வயிற்றில் ஈரல் செரிக்கும், முட்டை செரிக்காது, மலத்தோடு அப்படியே வந்து மண்ணில் விழும். அதற்கப்புறம்தான் காற்றும் ஈரமும் சூடும் கிடைத்து ஒரு மாதம் போல ஊறி, உள்ளே கரு உருவாகும். அந்தக் கரு உருவான முட்டையைத்தான் அடுத்த எலி விழுங்கினால் நோய் தொற்றும். அப்போதுதான் அறுத்த ஈரலில் இருக்கிற முட்டை பச்சைக் காய், யாரையும் ஒன்றும் செய்யாது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் உங்கள் நாய்க் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். நாடாப்புழு ரிப்பனைத் தின்றதால் நாய்க்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை, அது பூனைக் குடலைத் தேடுகிற ஜாதி. கோடு விழுந்த ஈரலைத் தின்றதாலும் நாய்க்கு நோய் வராது. ஆனால் அது ஒரு தபால்காரர் வேலையைச் செய்துவிட்டது: அந்த முட்டைகளை எடுத்துக்கொண்டு போய் உங்கள் வாசலில் போடும். ஆகவே இப்படித் தின்ற நாயின் மலத்தை அடுத்த இரண்டு மூன்று நாளைக்குச் சிரமம் பார்க்காமல் அள்ளி எரித்துவிட வேண்டும், குறிப்பாகப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில். மனுஷனுக்கு இந்த நோய் வருவது உலகத்திலேயே மிக அபூர்வம், ஆனால் வந்தவர்களில் நிறையப் பேர் மண்ணை அளைந்து கையை வாயில் வைக்கிற குழந்தைகள், ஈரல் வீங்கிக் காய்ச்சலோடு வருவார்கள். நீங்கள் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், மலத்தை அள்ளினால் போதும்.

அப்புறம், எறிகிற ஈரலைப் புதைக்காதீர்கள். கேட்க ஒழுங்கான யோசனையாகத்தான் இருக்கும், ஆனால் இந்தப் புழு கேட்பதே அதைத்தான், ஈரமான மண், சூடு, மக்குதல், எல்லாவற்றையும் நாமே தட்டில் வைத்துக் கொடுக்கிறோம். நெருப்பில் போடுங்கள். இல்லையென்றால் நன்றாகக் கொதிக்க வையுங்கள். அறுப்பு முடிந்த வயலில் வைக்கோலுக்கா பஞ்சம்.

இந்தப் புழுவுக்கும் நம் பாண்டிச்சேரிக்கும் ஒரு சுற்று வழிச் சொந்தம் உண்டு. 1893-ல் ஆஸ்திரேலியாவில் எலி ஈரலில் இதை முதலில் விவரித்தவர் தாமஸ் பான்கிராஃப்ட் என்கிற டாக்டர். அவருடைய அப்பா ஜோசப் பான்கிராஃப்ட் 1876-ல் யானைக்கால் நோயின் முழுசாக வளர்ந்த புழுவைக் கண்டுபிடித்தவர், அந்தப் புழுவின் பெயரிலேயே அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யானைக்கால் என்றால் பாண்டிச்சேரிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நம் ஊரில் கொசுவையும் யானைக்காலையும் படிப்பதற்கென்றே 1975 முதல் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. அப்பா மனுஷனின் உடம்பில் தேடினார், மகன் எலியின் ஈரலில் தேடினார். குடும்பத் தொழில்.

புழுவைப் பரப்பி எலியை ஒழிக்க முடியாதா என்று கேட்டீர்கள். சிரிக்கிற கேள்வி இல்லை, இதே யோசனை, இதே கேப்பிலேரியா புழுவை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே கோதுமை வயலில் சுண்டெலிகள் சில வருஷம் வெள்ளம் மாதிரி பெருகும். ஆராய்ச்சிக் கூடத்தில் புழு பிடித்த பெண்ணெலிகள் குட்டி போடுவதும் போட்ட குட்டியை வளர்த்தெடுப்பதும் குறைந்தது, அதனால் 1990-களில் வயலிலேயே புழுவை விட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. புழு பரவியது, ஆனால் எலியின் எண்ணிக்கையை அடக்குகிற அளவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தன் வீட்டையே கொளுத்துகிற புழு ரொம்ப நாள் பிழைக்காது. காட்டிலும் வயலிலும் இத்தனை காலம் நிலைத்த புழுக்கள் எல்லாம் எலியைச் சாகடிக்காமல், அதன் உடம்பில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துக்கொண்டவைதான். எலியின் பிறப்பு விகிதத்தின் முன்னால் இந்த வாடகை எல்லாம் தூசு.

அந்த மூலைகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட மனசு வரவில்லை. நீங்கள் ஈரலை மட்டும் பார்த்தீர்கள், அடுத்த தடவை பெரியவர் அறுக்கும்போது குடலையும் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். சிறுகுடலில் முழ நீளம்கூட இருக்கிற வெள்ளை நாடாப்புழு ஒன்று கிடைக்கலாம், ஹைமனோலெப்பிஸ் டிமினூட்டா. இது முழுசாக எலிக்கே சொந்தமான புழு. நெல்லிலும் மாவிலும் இருக்கிற சின்ன வண்டைத் தின்று எலி இதை வாங்கிக்கொள்கிறது. தலையில் கொக்கிகூடக் கிடையாது, எலிக்குப் பெரிய தொந்தரவும் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தால் நீளமாக வளரும், பத்து இருந்தால் பத்தும் குட்டையாகிவிடும், இருக்கிற சோற்றைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கரப்பான்பூச்சி வழியாக வருகிற முட்தலைப் புழு ஒன்று உண்டு, அது அப்படிப் பெருந்தன்மையானது இல்லை, முள் வைத்த மூக்கைக் குடல் சுவரில் குத்திக்கொண்டே இருக்கும், குத்திய இடம் புண்ணாகும். இதை 1888-ல் இத்தாலியில் ஒரு ஆராய்ச்சியாளர் தானே விழுங்கிப் பார்த்து வயிற்றுவலியோடு உட்கார்ந்த கதை எங்கள் துறையில் பிரபலம். எங்கள் ஆட்களுக்கு ஆர்வம் அதிகம்.

நுரையீரலுக்குப் போகிறது நிப்போஸ்ட்ராங்கைலஸ். ஈர மண்ணில் இருக்கும் இளம்புழு எலியின் தோலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, நுரையீரலைக் கிழித்துக்கொண்டு மூச்சுக்குழாய்க்கு வந்து, எலி அதை விழுங்க, குடலில் போய் உட்காரும். வெறுங்காலில் நடக்கிற நம்மை கொக்கிப்புழு பிடிக்கிற அதே பாதை. கிழித்த இடத்தில் நுரையீரலில் ரத்தப் புள்ளிகள் தெரியும். ஆனால் எலியின் உடம்பு சும்மா இருப்பதில்லை, இரண்டு வாரம் போலக் கழிந்ததும் குடலில் சளியைப் பெருக்கி மொத்தக் கூட்டத்தையும் வெளியே தள்ளிவிடும். மூத்திரப்பையில் இருக்கிறது இன்னொன்று, ட்ரைக்கோசோமாய்டிஸ். அதன் ஆண்புழு பெண்புழுவின் கர்ப்பப்பைக்குள்ளேயே வாழ்கிறது, வெளியே வருவதே இல்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்று நம் ஆட்களைக் கிண்டல் செய்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இரைப்பையில் ஒரு புழு உண்டு, அதன் கதை கொஞ்சம் சோகம். டென்மார்க்கில் யோஹன்னஸ் ஃபிபிகர் என்பவர் எலியின் இரைப்பைப் புழுதான் அங்கே புற்றை உண்டாக்குகிறது என்று சொல்லி 1926-க்கான நோபல் பரிசே வாங்கினார். பிறகு பார்த்தால் அந்த எலிகளுக்கு வைட்டமின் ஏ இல்லாத சாப்பாடு, அதனால் வந்த தடிப்பைத்தான் அவர் புற்று என்று படித்திருக்கிறார். உறுப்பில் கட்டியும் பக்கத்திலேயே புழுவும் இருந்தால் இரண்டையும் முடிச்சுப்போட்டுவிடத் தோன்றும், உங்களுக்கு மருந்து அடிப்பதைச் சொல்லத் தோன்றிய மாதிரி.

இத்தனை புழுவில் மனுஷனுக்கு நிஜமாகவே ஆபத்தானது ஒன்று இருக்கிறது, உங்கள் ஊரில் நத்தை சாப்பிடுகிற பழக்கம் இருப்பதால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் என்கிற எலி நுரையீரல் புழு. 1935-ல் சீனாவில் காண்டன் நகரத்து எலிகளில் கண்டுபிடித்தார்கள். இதயத்தில் இருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்க்குள் வாழும், பெண்புழு சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு போல இருக்கும். எலி புழுக்கையில் வெளியே வரும் குட்டிகளை நத்தை தின்னும், நத்தையை எலி தின்னும். எலிக்குள் போனதும் இளம்புழு முதலில் மூளைக்குப் போய்ச் சில வாரம் வளர்ந்து, அப்புறம் நுரையீரல் ரத்தக் குழாய்க்கு இறங்கும். எலிக்கு அது பழகிய பாதை. மனுஷன் வேகாத நத்தையைச் சாப்பிட்டால் புழு அதே பாதையில் கிளம்பி மூளையோடு நின்று செத்துப்போகும், விளைவு மூளைக்காய்ச்சல், மண்டை வெடிக்கிற தலைவலி. மூலத்துக்கு நல்லது என்று நத்தையை லேசாக வதக்கிக் கொடுக்கிற பழக்கத்தை நான் வெறுப்பது இதனால்தான், முழுசாகக் கொதிக்க வைத்துச் சாப்பிட்டால் ஒரு பயமும் இல்லை. பச்சை உடும்பு ரத்தமும் நாக்கும் வீரியத்துக்கு என்று விழுங்கி இதே நோயோடு தென்னிந்திய ஆஸ்பத்திரிகளுக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். உடும்பைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பது தனி.

எலிக்கறிக்கும் இதே விதிதான், நன்றாக வெந்தால் மேலே சொன்ன எந்தப் புழுவும் பிழைக்காது. பெரியவர் வீட்டில் சுட்டுப் பொசுக்கி, அப்புறம் குழம்பில் கொதிக்கவும் வைப்பார்கள், கவலை இல்லை. கறிக்கான எலி என்றால் புழுவைவிட விஷத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து வயல்காரர் ஜிங்க் பாஸ்பைடோ வேறு எலி மருந்தோ வைத்திருந்தால், அந்த எலியை மனுஷனும் தின்னக் கூடாது, நாயும் பூனையும் தின்னக் கூடாது. உங்கள் பக்கத்தில் யார் எப்போது மருந்து வைத்தார்கள் என்று அவர்கள் வெட்ட வருவதற்கு முன்னாலேயே பெரியவரிடம் சொல்லிவிடுவது உங்கள் கடமை.

சரி, கை கழுவுகிற விஷயம். அறுத்த எலியில் நான் பயப்படுகிற உறுப்பு ஈரல் இல்லை, கிட்னி. அங்கே புழு இருக்காது, கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் எலிக்காய்ச்சல் கிருமி அங்கேதான் குடியிருக்கிறது. எலி நோய் இல்லாமல் ஜாலியாகத் திரியும், மூத்திரத்தில் கிருமியை விட்டுக்கொண்டே போகும், சேற்றில் நிற்கிற நம் கால் வெடிப்பு வழியாக அது உள்ளே ஏறும். எலியை அறுத்த நாளில் இருந்து மூன்று நாலு வாரத்துக்குள் உங்களுக்கோ பையனுக்கோ பெரியவர் வீட்டிலோ கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்காராமல், எலி அறுத்த விஷயத்தைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள், அதைச் சொன்னால்தான் அவருக்கு அந்தத் திசையில் யோசனை போகும். காய்ச்சலோடு உடம்பில் எங்காவது, அக்குள், இடுப்பு மடிப்பில்கூட, சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், எலிமேல் ஒட்டித் திரிகிற பூச்சியால் வருவது, நம் பக்கத்தில் மழைக்காலமும் அதையொட்டிய மாதங்களும் அதன் சீசன். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் சுலபமாகக் கேட்கும். இனி எலியை அறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கையில் வெட்டுக்காயம் இருக்கிறவர் கிட்டவே போக வேண்டாம்.

பூனைக்கு வருகிறேன். மூன்றையும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் எடை பார்த்துப் பிராசிக்வான்டெல் மாத்திரை கொடுங்கள். சாதாரணமாக நாய் பூனைக்குக் கொடுக்கிற பூச்சி மருந்தில் சிலது இந்த நாடாப்புழுவைச் சரியாகப் பிடிக்காது, அதனால் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஒரு தடவை கொடுத்தால் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எலி தின்கிற பூனைக்கு அடுத்த எலியிலேயே திரும்ப வரும், ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். பூனையின் படுக்கையிலோ மலத்திலோ தட்டையான வெள்ளைத் துண்டுகள் நெளிந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். நெல் மூட்டைமேலும் விதைநெல் குதிர் பக்கத்திலும் பூனையைப் படுக்க விடாதீர்கள். பூனையை விரட்டிவிடாதீர்கள், தயவுசெய்து, இதைப் படித்துவிட்டு ஒருத்தர் அப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியும். எலி அடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பூனை களத்தையும் வீட்டையும் காக்கும், வரப்புக்குள் இருக்கிற எலிக்குப் பெரியவரின் கடப்பாரைதான் மருந்து. வருஷத்துக்கு ஒரு தடவை அறுப்புக்குப் பிறகு கூப்பிடுவதை நடவுக்கு முன்னாலும் ஒரு தடவை கூப்பிடுங்கள், வரப்பை அகலம் குறைத்துக் கட்டுங்கள், எலி வளை தோண்ட அகலமான வரப்புதான் அதற்குப் பிடிக்கும்.

கடைசியாக எனக்கு ஒரு உதவி. அடுத்த தடவை அப்படிக் கோடு விழுந்த ஈரல் கிடைத்தால், கால்நடை மருந்தகத்தில் கொஞ்சம் ஃபார்மலின் வாங்கி வைத்திருந்து, விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டை அதில் போட்டு, குரும்பாப்பேட்டையில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியில் கொடுத்துப் பாருங்கள், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு பக்கமும் மூடி போட்ட பீப்பாய் மாதிரி முட்டைகள் தெரிந்தால் நான் கட்டிய பந்தயம் ஜெயித்தது. பாட்டிலில் பெரிய எழுத்தில் என்ன என்று எழுதி ஒட்டுங்கள். என் வீட்டில் ஒரு தடவை எழுதாமல் ஊறுகாய் பாட்டிலில் வைத்துவிட்டு, இன்றைக்கும் அதற்குத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.